உறுப்பைச் செய்தவர் பங்கு

சுட்ட தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு. குண்டு பறந்துவிடுகிறது, வெடிமருந்து எரிந்துவிடுகிறது, அதைப் பற்றவைக்கும், அடியில் இருக்கும் பிரைமர் ஒரே அடியோடு தீர்ந்துவிடுகிறது. கூடு மட்டும் திரும்பப் பயன்படும். அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்களில் பலர், கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல், வீட்டுப் பட்டறையிலேயே கூடுகளை மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இதற்குப் பயன்படும் புரோகிரெசிவ் பிரஸ்ஸில் ஒரு சுழல்தட்டைச் சுற்றிப் பல நிலைகள் உண்டு. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும்: ஒன்றில் பழைய பிரைமர் கழன்று கூடு உரிய அளவுக்குச் சுருங்கும், இன்னொன்றில் மருந்து விழும், மற்றொன்றில் குண்டு பொருந்தும். தட்டு நிறைந்த பிறகு இழுப்புக்கு ஒரு தோட்டா.

இந்த ஓட்டம் அடிக்கடி தடைப்படுவது கூடு உள்ளே நுழையும் இடத்தில். சாய்ந்த கிண்ணத்தில் கொட்டிய கூடுகளை, மோட்டாரில் சுற்றும் தட்டு ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோகிறது. கூட்டின் அடிப்பக்கம் கனம், வாய்ப்பக்கம் லேசு. விளிம்பைத் தாண்டி விழும்போது கனமான பக்கம் முந்திக்கொள்வதால் கூடு வாய் மேலாகக் குழாயில் இறங்குகிறது. கீழே ஒரு தள்ளுகட்டை அதைச் சுழல்தட்டில் சேர்க்கிறது. 9 மி.மீ. துப்பாக்கிக் கூட்டின் நீளம் 19 மி.மீ.தான். இவ்வளவு குட்டையான கூடு சில நேரம் தலைகீழாக விழும். சிறிய அளவுக் கூடு ஒன்று பெரியதன் வாய்க்குள் செருகிக்கொண்டு வந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறார்கள், தள்ளுகட்டையின் ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், உராயும் பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள், முப்பரிமாண அச்சில் வார்த்த வழிகாட்டித் துண்டைப் பொருத்துகிறார்கள். வேகம் மட்டுமே இதன் நோக்கம் என்று சொல்லிவிட முடியாது. கூடு சிக்கினால் கைப்பிடி பாதியில் நிற்கும், கண் மருந்தை விட்டு விலகும். மருந்து விழாத தோட்டாவின் குண்டு குழலுக்குள் பாதிவழியில் நின்றுபோகலாம். இரட்டை மருந்து விழுந்த தோட்டா துப்பாக்கியையே சிதறடிக்கலாம். சீராகக் கூடு வருவது சுடுபவரின் விரலையும் கண்ணையும் காக்கும்.

ஸ்பிரிங்கை மாற்றியவர் செய்தது நல்ல வேலை என்பதில் ஐயமில்லை. அந்த நன்மை ஸ்பிரிங்கோடு முடிந்துவிடுகிறதா, தோட்டா போய்ச் சேரும் இடம் வரை அவருக்கும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி.

சிக்கிக்கொண்ட கருவியைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் மார்ட்டின் ஹைடெக்கர். ஒழுங்காக ஓடும் கருவி கண்ணில் படுவதில்லை என்று 1927-ல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ நூலில் அவர் விளக்கினார். சுத்தியலைப் பிடித்தவரின் கவனம் சுத்தியலில் இல்லை, செய்துகொண்டிருக்கும் வேலையில் இருக்கிறது. சுத்தியல் உடைந்தாலோ காணாமற்போனாலோதான் அது ஒரு பொருளாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கூடவே அது எதற்கு, அந்த எதற்கு எதற்கு என்ற தொடர் முழுவதும் ஒருகணம் வெளிச்சத்துக்கு வருகிறது. கூடு சிக்கும் கணத்தை இதைவிடத் துல்லியமாக விவரிப்பது கடினம். ஆனால் பட்டறையில் நடப்பது பெரும்பாலும் இதன் மறுபாதி. வெளிச்சத்துக்கு வந்த தொடரில் பட்டறைக்காரர் பார்ப்பது ஒரு கண்ணியை மட்டுமே: கூடு ஏன் சாய்ந்தது? அந்தக் கேள்விக்கு ஒரு முடிவு இருக்கிறது, கையால் தொட்டுச் சரிபார்க்கக்கூடிய விடை இருக்கிறது. தொடரின் மறுமுனைக் கேள்விக்கு அப்படியொரு விடை கிடையாது. பழுது பார்ப்பதில் உள்ள தனி இன்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொடருக்கு வரிசை போட்டவர் அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கஸ் ஒழுக்கவியலின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துக்காட்டுவது கடிவாளம் செய்யும் தொழிலை. கடிவாளம் குதிரையேற்றத்துக்கு அடங்கும், குதிரையேற்றம் படைநடத்தும் கலைக்கு அடங்கும். கீழேயுள்ள கலையின் நோக்கம் மேலேயுள்ளதன் நோக்கத்திலிருந்தே பெறப்படுகிறது. கூடு ஊட்டும் குழாய் இந்த ஏணியின் அடிப்படியில் இருக்கிறது என்பது வெளிப்படை. ஆனால் தீய போருக்குப் போன குதிரையின் கடிவாளக்காரர் எவ்வளவு பொறுப்பு என்பதை அரிஸ்டாட்டில் அங்கே ஆராயவில்லை. அவருக்கு வேண்டியது உச்சியிலிருக்கும் நன்மை; அடிப்படிக்காரரின் மனச்சாட்சி அவர் கணக்கில் வரவில்லை.

அந்தக் கணக்கு நேருக்கு நேராக வந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரின் துப்பாக்கித் தொழில் சிறுசிறு பட்டறைகளாகப் பிரிந்து கிடந்தது. குழல் ஒருவர், விசைப்பொறி ஒருவர், மரக்கட்டை ஒருவர் என்று ஒரு துப்பாக்கி பல கைகள் மாறித்தான் உருவானது. அத்தொழிலின் முதலாளிகளில் ஒருவர் சாமுவேல் கால்டன். ஜேம்ஸ் வாட்டும் எராஸ்மஸ் டார்வினும் இருந்த லூனார் சங்கத்தின் உறுப்பினர், பிறப்பால் குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். குவேக்கர்களோ ஆயுதமேந்திய போர் எதிலும் பங்கில்லை என்று 1661-ல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமே அறிவித்தவர்கள். பிரான்ஸோடு போர் நடந்துகொண்டிருந்த 1795-ல் அவர்களுடைய பர்மிங்காம் கூட்டம் கால்டனிடம் விளக்கம் கேட்டது.

மறு ஆண்டு அவர் எழுதிக் கொடுத்த விடை, மதக் குற்றச்சாட்டுக்குக் கிடைத்த விடைகளில் மிகக் கூர்மையான ஒன்று. குடும்பம் எழுபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருந்தும் சபை வாய் திறக்கவில்லையே என்றார். செய்பவர் வேறு, தவறாகப் பயன்படுத்துபவர் வேறு. பார்லி விதைத்த உழவர் குடிகாரனுக்குப் பொறுப்பாவாரா என்றார். பிறகு வாதத்தைச் சபையின் பக்கமே திருப்பினார்: போருக்குப் போகும் வரியை நீங்களும் கட்டுகிறீர்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரையையும் பருத்தியையும் நீங்களும் வாங்குகிறீர்கள். சபை அவ்வாதங்களுக்கு இணங்கவில்லை. 1796 ஆகஸ்டில் அவரை விலக்கியது.

உண்மைகளைப் பொறுத்தவரை கால்டன் சொன்னது சரி. போரோடு சம்பந்தமில்லாத தொழில் அன்றைய பர்மிங்காமில் அரிது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு ஏற்கத்தக்கதல்ல. எல்லோருக்கும் பங்குண்டு என்பதால் எவருடைய பங்கும் எண்ணத்தக்கதல்ல என்று ஆகாது. பங்குகள் வெவ்வேறு அளவின என்பதே அதிலிருந்து கிடைக்கும். அளப்பது எப்படி என்பதில் சபைக்கும் தெளிவில்லை. விலக்குவது, வைத்துக்கொள்வது என்ற இரண்டு தீர்ப்புகளே அதன் கையில் இருந்தன.

அளவுகோலைச் செய்துவைத்தவர்கள் சமணர்கள். பௌத்தமும் ஆயுத வாணிகத்தை இல்லறத்தார் தவிர்க்கவேண்டிய ஐந்து வாணிகங்களில் சேர்த்தது. ஆனால் சமணம் இதைக் கணக்காகவே போட்டது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் வினை உயிரில் வந்துசேரும் வழிகளை வகுக்கிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என நிலை மூன்று. மனம், சொல், உடல் என வாயில் மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என முறை மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை எனத் தூண்டுதல் நான்கு. பெருக்கினால் 108. உயிரற்ற பொருளையும் அந்நூல் விடவில்லை: கருவியை உருவாக்குவது, வைப்பது, ஒன்றோடொன்று இணைப்பது, இயக்குவது ஆகியவற்றையும் வினைக்குச் சார்பாகத் தனியே எண்ணுகிறது. பட்டறை வேலைக்கு இதைவிட நெருங்கி வந்த சமய நூல் அபூர்வம்.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் மாற்றியவர் கொன்றவருக்குச் சமமானவர் அல்லர், ஒன்றுமறியாதவரும் அல்லர். அவர் வேலை ஆயத்த நிலையைச் சேர்ந்தது, உடலால் தானே செய்தது. தூண்டியது எதுவென்பதைப் பொறுத்து மீதி மாறும். சமணம் யதார்த்தத்தை மறந்ததும் இல்லை. உயிருக்கும் நாட்டுக்கும் வரும் தீங்கை எதிர்க்கும்போது நேரும் வன்முறையை இல்லறத்தாருக்கு அது விலக்கவில்லை. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயரே கங்க மன்னர்களின் படைத்தலைவர்தாம்.

காகித இலக்கைச் சுடுபவருக்கு இந்தச் சலுகை உதவாது. அவர் எவரையும் எதிர்க்கவில்லை, எதையும் கொல்லவுமில்லை. இல்லறத்தாருக்கான அனர்த்ததண்ட விரதம், அதாவது தேவையின்றித் தீங்குக்கு இடம் தரும் செயல்களை விடுதல், இங்கேதான் குறுக்கிடுகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவ்விரதத்தைப் பேசுகின்றன. தீங்குக்கான கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதும் இதில் தடை. சமந்தபத்திரர் தரும் பட்டியலில் கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி ஆகியவற்றோடு மண்வெட்டியும் இருக்கிறது. ஆயுதம், கருவி என்ற பிரிவினை அவருக்கு அவ்வளவு உறுதியானதாகப் படவில்லை போலும்.

கொடுத்தல் என்ற இந்த ஒரு சொல்லில் இன்றைய பட்டறைக்காரரும் அகப்படுகிறார். தன் பிரஸ்ஸுக்காக வரைந்த வழிகாட்டித் துண்டின் வடிவக் கோப்பை அவர் எல்லோருக்கும் இலவசமாகத் தந்தால், அதை அச்சிடுபவர் யார், எதற்கு நிரப்புகிறார் என்பது அவருக்குத் தெரியாது. கால்டனுக்காவது வாங்குபவர் யார் என்று தெரிந்திருந்தது. 108-இல் இது தான் செய்தலா, செய்வித்தலா, உடன்படுதலா என்று கேட்டால், முகமறியாதவர் ஒவ்வொருவரும் பதிவிறக்கும்போது செய்வித்தலுக்கும் உடன்படுதலுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது என்றே சொல்லவேண்டியிருக்கிறது.