யுத்தம் போட்ட சோறு

நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த தொண்ணூறுகளில், சிவகாசிப் பக்கத்துக் கிளைக் கிராமம் ஒன்றில் மாலைத் திருப்பலி முடிந்ததும், ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவது வழக்கம். இளமையில் தீப்பெட்டி ஆபீசிலும், பின்னர் வெடி ஆபீசிலும் உழைத்தவர் அவர். (ஆலையை ‘ஆபீஸ்’ என்பதே எங்கள் பகுதி வழக்கு.) ஒருநாள் பேச்சினிடையே அவர் சொன்னார்: “சாமி, 39இல் சண்டை தொடங்கினபோது எனக்குப் பதினாறு வயசு. அந்த யுத்தந்தான் எனக்குச் சோறு போட்டது. ரங்கூனில் இருந்த எங்கள் அண்ணனைக் கொண்டுபோனதும் அதே யுத்தந்தான். நான் தின்ன சோறு பாவமா சாமி?”

குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. தீமையை நீர் விரும்பவில்லை, அதற்கு உடன்படவுமில்லை, ஆகவே பாவமில்லை என்றேன். அவர் தலையசைத்தார். திருப்தியுற்றவரின் தலையசைப்பன்று அது. சாமியாரை மேலும் சங்கடப்படுத்த வேண்டாமே என்ற மரியாதைதான்.

அவர் கூறியதன் வரலாற்றுப் பின்னணியைப் பின்னரே அறிந்தேன். சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேளாண்மை இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். உழவனுக்குப் பகையாயிருந்த வறட்சியே, ஈரம் ஆகாத இத்தொழிலுக்குத் துணையாயிற்று. இன்றும் ஒரே குடும்பத்தில் கணவன் மானாவாரிப் பருத்திக்கு மழை வேண்டுவான். மனைவி, களத்தில் காயும் சரக்குக்காக வெயில் வேண்டுவாள். இரு வேண்டுதல்களையும் ஒரே திருப்பலியில் ஒப்புக்கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. எதை முதலில் வாசிப்பது என்று திகைத்திருக்கிறேன்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர் எவரையும் கலந்து கொள்ளாமலேயே, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அரசப் பிரதிநிதி லின்லித்கோ அறிவித்தார். கடல்வழி வாணிகம் தடுமாறியது. சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த பட்டாசு வரத்து நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் அந்த நாற்பதுகளில் சிவகாசியில் ஒவ்வொன்றாய் எழுந்தன. அரிசித் தட்டுப்பாடும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும் இங்கும் இருந்தன. ஆயினும் கூலி கிடைத்தது. சோளமும் கம்பும் வாங்கக் காசு இருந்தது. அந்தப் பதினாறு வயதுப் பையன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே தாயகம் திரும்ப முயன்றனர். வழியில் மாண்டவர் பலர். பெரியவரின் அண்ணன் திரும்பவேயில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் செய்துவந்த கோவென்ட்ரி நகரம், போர் மூண்டதும் விமான எந்திரங்களைச் செய்தது. அங்கும் யுத்தம் சோறு போட்டது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் வந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழம்பெரும் புனித மிக்கேல் பேராலயத்தில் கோபுரமும் வெளிச்சுவர்களுமே எஞ்சின. அந்த இடிபாட்டின் பீடத்துக்குப் பின்புறச் சுவரில் ‘தந்தையே, மன்னியும்’ என்று பின்னர் பொறித்தார்கள். சிலுவையில் ஆண்டவர் ‘இவர்களை’ என்றார். அங்கோ அச்சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். குண்டு போட்டவனுக்கு மட்டுமன்று, எந்திரம் செய்த தங்களுக்குமாகச் சேர்த்தே மன்னிப்புக் கேட்டது அந்த ஊர்.

சிவகாசி எந்திரம் செய்யவில்லை, எவரையும் கொல்லவில்லை என்று கூறலாம். உண்மைதான். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த மருந்தைக் குழந்தைகளின் மகிழ்ச்சிக்காக உருட்டிய ஊர் இது. ஆகவே குற்றம் என்று எதுவும் இல்லை. ஆனால் பெரியவர் கேட்டது குற்றத்தைப் பற்றியா? குற்றம் வேறு, கடன் வேறு. நீ என்ன செய்தாய் என்று கேட்பது குற்றத்தின் கேள்வி. நீ எதைப் பெற்றாய் என்று கேட்பது கடனின் கேள்வி. முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அவரோ இரண்டாவதைக் கேட்டிருந்தார்.

அக்கடனை இழந்தவருக்கே திருப்பிக் கொடுக்க இயலாது; அவர்கள் இல்லை. அப்படியாயின் அது யாரைச் சேரும்? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இக்கேள்வி என்னை மீண்டும் பற்றிக்கொண்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றார் ஆண்டவர். மருந்து அறையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். அவர்களுடைய ஆபத்தில் நம் வீட்டுத் திருவிழா நடக்கிறது. நம் வீடு என்ன, எங்கள் ஆலயத்துக் கூரையே அத்தொழிலின் வருமானத்தில் வேய்ந்ததுதான். தேர்ப்பவனி நாளில் வாணவேடிக்கைக்கு நன்கொடை கேட்டு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். மருந்து கலப்பவருக்குப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதமேனும் எழுதியதில்லை.

அந்தப் பெரியவர் இறந்து பல ஆண்டுகளாகின்றன. உயிரோடிருந்தவரை, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில் இரண்டு திருப்பலிக் கருத்துகளுக்குக் காணிக்கை தருவார். ஒன்று அண்ணனுக்காக. மற்றொன்றுக்குப் பெயர் கேட்டால், “பேர் தெரியாது சாமி, சும்மா வாசிங்க” என்பார். அவர் மகன் வெடி ஆபீசில்தான் வேலை பார்க்கிறார். தந்தையின் வழக்கத்தை அவரும் விடவில்லை. சென்ற நவம்பர் 2ஆம் நாளும் உறையில் இரண்டு கருத்துகள் இருந்தன.