கயிற்றின் மறுமுனை

ஓய்வுபெற்ற மலையேற்ற வீரர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவர் டார்ஜீலிங்கில் வாழ்கிறார். முப்பது ஆண்டுகள் பனிமலைகளில் ஏறியவர். பிறருக்கு ஏறக் கற்பித்தவர். இப்போது முழங்கால்கள் இடம் தருவதில்லை. வீட்டின் ஓர் அறையில் அவருடைய பழைய சாதனங்கள் இருக்கின்றன: மரப்பிடி போட்ட பனிக்கோடரி, வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் பூட்டும் இரும்பு முட்கள், நிறம் வெளுத்த முதுகுப்பை, சுருட்டி மாட்டிய நைலான் கயிறு.

மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும் அவர் அவற்றை வெளியே எடுத்து வைப்பார். கயிற்றை மட்டும் நிழலில் வைப்பார். வெயில் நைலானை நலியச் செய்யும். கோடரியின் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுவார். மழுங்கிய முட்களை அரம் கொண்டு கையாலேயே ராவுவார். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். இனி ஒருபோதும் ஏறப்போவதில்லை என்று அறிந்தவர், யாருக்காக அந்த முட்களைக் கூர்மைப்படுத்துகிறார்?

இது பற்றா, நன்றியா? இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. பொருள்களின் மீதுள்ள பற்று மனிதனைப் பிணைக்கும் என்று நம் ஆன்றோர் ஓயாமல் எச்சரித்தார்கள். அதே மரபுதான் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்கவும் நமக்குக் கற்பித்தது. தெற்கே அது ஆயுத பூஜை. கிழக்கே விசுவகர்ம பூஜை. ஒருபுறம் ‘பொருளை விடு’ என்றும் மறுபுறம் ‘பொருளை வணங்கு’ என்றும் சொல்வது முரண்பாடு அல்லவா?

பொருளுக்குள் மனிதர்

முதலில், அந்த முதியவர் எதை நேசிக்கிறார் என்று பார்ப்போம். 1952-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழுவுடன் எவரெஸ்டுக்குச் சென்ற டென்சிங் நோர்கே, ரேமண்ட் லாம்பேர் என்ற வீரருடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம் வரை சென்று, உச்சியை அடையாமலே திரும்பினார். லாம்பேர் தம் சிவப்புக் கழுத்துத் துண்டை நண்பருக்கு அளித்தார். 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் உச்சியில் நின்ற டென்சிங்கின் கழுத்தில் அந்தத் துண்டு இருந்தது. லாம்பேர் எட்டாத உச்சியை அவருடைய அன்பு எட்டியது என்றே சொல்லலாம். அந்தத் துணியின் விலை என்ன என்று யாராவது கேட்பார்களா?

அதே 1953-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, காரகோரத்தின் கே2 சிகரத்தில் ஓர் அமெரிக்கக் குழு, இரத்தம் உறைந்து நடக்க இயலாமற்போன ஆர்ட் கில்கி என்ற தோழரைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கால் சறுக்கியது. கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, ஐவர் சரிவில் உருண்டனர். மேலே கில்கியின் கயிற்றைப் பிடித்திருந்தவர் 26 வயது பீட் ஷோனிங். பாறையின் பின்னே ஊன்றியிருந்த மரப்பிடிக் கோடரியின் துணையால் அத்தனை பேரின் எடையையும் அவர் தாங்கி நிறுத்தினார். அன்றே சற்று நேரத்தில் கில்கியை மலை கொண்டுபோயிற்று. மற்ற அனைவரும் உயிருடன் ஊர் திரும்பினர்.

காத்தது கோடரியா, கையா? கையில்லாமல் கோடரி வெறும் மரமும் இரும்பும். கோடரியில்லாமல் கை அந்த எடையைத் தாங்கியிராது. நல்ல கருவி மனித முயற்சியின் உறைந்த வடிவம். அதைச் செய்தவனின் கவனமும், பிடித்தவனின் உறுதியும், நம்பியவனின் உயிரும் அதில் கூடி நிற்கின்றன. கயிற்றுக்கு எப்போதும் இரண்டு முனைகள். ஒரு முனையைத் தொடும்போது மறுமுனையில் இருந்தவரின் நினைவு வருமாயின், அது பற்றன்று, நன்றி.

அன்பும் உண்மையும்

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டவர்கள் ஆவோம். பற்றும் தன்னை நன்றி என்றுதான் சொல்லிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும்.

முதியவரின் பேத்தி மலையேற்றம் கற்றுத் திரும்பியிருக்கிறாள். தோழிகளுடன் டென்சிங் பாறையில் பயிற்சி செய்யப் புறப்படுகிறாள். சுவரில் மாட்டிய கயிற்றைக் காட்டி, “தாத்தா, உங்களைக் காப்பாற்றிய கயிறு எங்களையும் காப்பாற்றும், தாருங்கள்” என்று கேட்கிறாள். இதைவிட இனிய சொல் அவர் காதில் விழக்கூடுமா? தம் வாழ்வு முழுவதற்கும் கிடைத்த மரியாதை அல்லவா அது!

அவர் தர மறுத்துவிடுகிறார். நைலான் கயிறு கண்ணுக்குத் தெரியாமலே மூப்படைகிறது. வெயிலும் உராய்வும் அதை நலியச் செய்கின்றன. அமிலத்தின் ஆவி பட்டாலோ வெளியே அடையாளமே தெரியாமல் உள்ளே வலுவிழக்கும். பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்தாலும், பத்தாண்டுகளுக்குமேல் ஒரு கயிற்றை நம்ப வேண்டாம் என்பதே தயாரிப்பாளர்கள் பலரின் அறிவுரை. நேற்று அது காத்தது உண்மை. இன்று அது காக்காது என்பதும் உண்மை. முதல் உண்மைக்காக இரண்டாவதை மறைப்பவன் கயிற்றை நேசிப்பவன் அல்லன். அதில் தன் பழைய பெருமையையே நேசிப்பவன்.

அவர் கத்தியை எடுத்துக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுக்கிறார், இனி யாரும் தவறியும் அதை நம்பி ஏறிவிடக் கூடாதென்று. பின்னர்த் தம் சேமிப்பிலிருந்து ஒரு புதிய கயிறு வாங்கித் தருகிறார். அதை அங்குலம் அங்குலமாக விரல்களுக்கிடையே ஓடவிட்டு, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று தடவி அறியும் முறையை அவளுக்குக் கற்பிக்கிறார். பழைய கயிறு கொடுத்திருக்கக்கூடிய ஆசி அந்த விரல்களின் பழக்கத்தில் அவளிடம் சேர்ந்துவிட்டது.

பற்று ஒரு பொருளை ‘நேற்றுப்போலவே இரு’ என்று வற்புறுத்துகிறது. நன்றி, ‘நீ ஆற்றிய பணி போதும், இனி ஓய்வுகொள்’ என்று சொல்கிறது. ஷோனிங்கின் கோடரியை இன்று அமெரிக்காவின் கோல்டன் நகரிலுள்ள மலையேற்ற அருங்காட்சியகத்தில் காணலாம். அதை எல்லோரும் மதிக்கிறார்கள். ஆனால் மற்றொரு முறை அறுவரைத் தாங்கும்படி யாரும் அதைக் கேட்பதில்லை. ‘விடு’ என்பதும் ‘வணங்கு’ என்பதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அன்று மாலை அந்த முதியவர் தம் முழங்கால்களை நீவிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். உடலும் ஒரு கருவிதானே? பல மலைகளில் அவரைச் சுமந்த கால்கள் இன்று வீட்டுப் படிகளில் தயங்குகின்றன. கயிற்றுக்குத் தந்த மதிப்பையும், கயிற்றைப் பற்றி ஒப்புக்கொண்ட உண்மையையும், அவர் தமக்கும் தந்துகொள்ள வேண்டும். அது கத்தியை எடுப்பதைவிடக் கடினம். முற்றத்தில், அறுத்த கயிற்றின் ஒரு துண்டு சாய்ந்த ரோஜாச் செடியைக் கம்போடு சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தாங்கும் எடை குறைந்துவிட்டது, தாங்குவது நிற்கவில்லை.