கூண்டிலிட்ட உயிரும் அன்னபான நிரோதமும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் முயலும் கினிப்பன்றியும் வளர்கின்றன. புலால் வேண்டாத பிராணிகள் என்பதால் பெரியோரும் இசைந்துவிடுகின்றனர்.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் கூறுகிறது. கட்டிவைத்தல் முதலாவது; உணவும் நீரும் தடுத்தலாகிய அன்னபான நிரோதம் இறுதியானது. கூண்டு முன்னதைச் சார்ந்தது என்பதை மறுக்க இயலாது. வயிறு நிறைய இடுகிறோமே, பின்னது எங்ஙனம் பொருந்தும் எனலாம்.

பொருந்தும் என்பதே நம் கருத்து. கினிப்பன்றியின் உடல், மனித உடலைப் போலவே, 'சி' உயிர்ச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாது. முயலுக்குரிய கடைத்தீனியை மட்டும் வாரக்கணக்கில் இட்டால், ஈறு கசிந்து மூட்டு வீங்கி அது நடக்கவும் நோகும். மேயும் உயிர் வேண்டியதைத் தேடிக்கொள்ளும். கூண்டுயிர்க்கு நம் கை இட்டதே கதி. நாள்தோறும் ஒரு துண்டு குடைமிளகாயும் சிறிது கொத்தமல்லியும் இக்குறையைத் தீர்க்கும். நீரில் கலக்கும் சொட்டு மருந்து விரைவில் வீரியம் இழக்கும். ஜெலட்டின் உறையோ விலங்கின் தோலாலும் எலும்பாலும் ஆனது.

முயலுக்குக் காரட் வேண்டுமென்று பிள்ளைகள் வாதிடுவர் (படக்கதைகள் செய்த வேலை!). கந்தமூலம் விலக்கிய வீட்டார் தயங்க வேண்டா. அதில் சர்க்கரை மிகுதி. குடலுக்கும், வாழ்நாளெல்லாம் வளரும் பற்களுக்கும் நார்மிக்க உலர்புல்லே உணவு, அருகம்புல்லும் நன்று.

இத்தனை செய்தும் முதல் அதிசாரம் நீங்குவதில்லை. ஆதலின் புதிதாய் வாங்காதிருத்தல் நலம். முன்னரே உள்ளதை வண்டலூர்க் காட்டருகே விட்டுவருவதோ விடுதலையன்று. நாய்க்கும் பருந்துக்கும் இரையாக்குவதாம்.