விதிவிலக்கான யந்திரம்

எல்லா யந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924-ல் டில்லியில் காந்தியிடம் ஒரு மாணவர் கேட்டார். சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் அவர், பின்னால், 1947-ல், சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். தன் எதிர்ப்பு யந்திரத்தின் மீது அல்ல, யந்திர மோகத்தின் மீதுதான் என்றார் காந்தி. சில விதிவிலக்குகள் உண்டு என்று சொல்லி அவர் காட்டிய உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்ட சிங்கர், அவள் மீதிருந்த அன்பினால் அதைக் கண்டுபிடித்தார். அந்த யந்திரத்தின் பின்னால் இருப்பது அன்பு என்பது காந்தியின் நியாயம்.

இந்த நியாயம் என்னை வெகுநாட்களாகத் தொந்தரவு செய்கிறது. காரணம், சரித்திரத்தில் அப்படி ஒரு சிங்கர் இல்லை. ஐசக் சிங்கர் நாடக நடிகர். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், வேறு யாரோ செய்திருந்த சரியாக ஓடாத தையல் யந்திரத்தைப் பார்த்து, அதைத் திருத்தப் புகுந்தவர். பணம்தான் அவர் குறி. 1851-ல் பேடண்ட் வாங்கினார். ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்து, அது அம்பலமானதும் நாட்டை விட்டுப் போனார். மனைவி தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்ற கதை அவருக்கு முன்பே, 1846-ல், பேடண்ட் வாங்கிய இலயாஸ் ஹோ பற்றித்தான் சொல்லப்படுவதுண்டு. அன்பு பொய்யென்றால் விதிவிலக்கும் விழுந்துவிட வேண்டியதுதானா?

அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளின் தார்மீகத்தை அதை உண்டாக்கியவனின் மனசில் தேடுவது, ஒரு கவிதையின் தரத்தைக் கவிஞனின் நோக்கத்தில் தேடுவதற்குச் சமம். இலக்கியத்தில் இந்தக் குழப்பத்தை ஓரளவு தாண்டி வந்திருக்கிறோம். பொருள்கள் விஷயத்திலும் தாண்டலாம், பொருளையே பார்க்கலாம்.

கை ஊசிக்குக் காது பின்னால்; மெஷின் ஊசிக்குக் காது முனையருகே. இந்த இடமாற்றத்தில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. துணியைத் துளைத்து இறங்கிய ஊசி சற்றே மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக விரிகிறது. அந்தக் கண்ணிக்குள் பாபின் நூல் அகப்படுகிறது. இரண்டும் துணியின் கனத்துக்கு நடுவில் பின்னிக்கொள்கின்றன. மேல் நூல் இறுகினால் அடிநூல் மேலே தலைகாட்டும். தளர்ந்தால் மேல் நூல் அடியில் சுருளும். கோளாறு எங்கே என்பதைத் தையலே சொல்லிவிடுகிறது. எவன் எதற்காகச் செய்திருந்தாலும் சரி, தன்னைத் திறந்து காட்டுகிற, தெருமுனை மெக்கானிக்கின் அறிவுக்குள் அடங்குகிற ஒரு பொருள் இது. காந்தி உள்ளுணர்வாகக் கண்டது இதைத்தான், சொன்ன காரணம்தான் வேறு என்று எனக்குப் படுகிறது.

நான் வேலை பார்க்கும் வங்கியில் பொருள்களுக்கு வருஷாவருஷம் தேய்மானம் எழுதுகிறோம். மதிப்பு குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு ரூபாயில் நிற்கும். பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு ரூபாய்தான் சாட்சி. வீடுகளில் இதற்கு நேரெதிரான கணக்கு. பழசாக ஆக ஞாபகம் என்ற பெயரில் மதிப்பு ஏறிக்கொண்டு போகும். பொருள் வேலை செய்கிறதா என்ற கேள்வி மட்டும் இரண்டு கணக்கிலும் கிடையாது.

பாட்டியின் மெஷின் எங்கள் வீட்டில் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருந்தது. அதன் மேல் ஒரு விரிப்பு. விரிப்பின் மேல் சிறுபத்திரிகைகள். கணவனைப் பிரிந்து சென்ற வருஷம் வீட்டுக்கு வந்த அக்கா, பத்திரிகைகளை எடுத்துக் கீழே வைத்தாள். மெக்கானிக் வந்து, பிசினாக இறுகிப்போயிருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். புதிதாக வாங்கியது ஒரு தோல் பெல்ட், சில ஊசிகள். ஒரு வாரத்துக்குள் தெருவிலிருந்து ரவிக்கைகள் வர ஆரம்பித்தன. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் வந்தார்கள். அக்காவின் கையில் அவள் பணம்.

துருப்பிடித்த மெஷினை வைத்து நம்மில் யாரும் ஒரு நல்ல கவிதை எழுதிவிட முடியும். இழப்பு, மௌனம், பாட்டியின் பாதம் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. ஓடுகிற மெஷின் படிமமாக மறுக்கிறது. சத்தம் போடுகிறது, எண்ணெய் கேட்கிறது. பழைய பொருள்கள் மீதான நம் பரிவில் பாதி, அவை இனி நம்மை எதுவும் கேட்காது என்ற நிம்மதியோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் அக்காவுக்கு முழங்கால் வலி. மோட்டார் போடப் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை.

‘பாட்டி மிதிச்ச மெஷின்டி அது.’

‘மிதிச்சு மிதிச்சுத்தானேம்மா பாட்டி முழங்காலும் போச்சு.’

மோட்டார் வந்தது. அக்கா செய்தது சரி. அந்தக் காலத்து உழைப்பு, அந்தக் காலத்து உறுதி என்று புகழ்கிறவர்கள் வார்ப்பிரும்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதை மிதித்த காலைப் பற்றி அல்ல. மனிதனை முன்வைத்தே யந்திரத்தை எடைபோட வேண்டும் என்ற காந்தியின் அளவுகோலும் இங்கே அக்காவின் பக்கம்தான்.

ஆனால் பிரச்னை அத்தோடு தீரவில்லை. வலி முன்பெல்லாம் இரவு எட்டு மணிக்கு அவளை எழுப்பிவிடும். இப்போது தீபாவளி மாதத்தில் பதினொன்று ஆகிறது. ரவிக்கைக்கு இவ்வளவு என்ற தெரு ரேட் அப்படியே இருக்கிறது. முழங்கால் போட்டிருந்த எல்லையை மோட்டார் எடுத்துவிட்டது. வேறு எல்லையை யாரும் போடவில்லை.

இது அக்காவின் கதை மட்டுமல்ல. கையால் தைத்துக் கூலிக்கு அழிகிற பெண்ணைப் பற்றித் தாமஸ் ஹூட் லண்டனில் பாட்டெழுதியது 1843-ல்; ஹோவின் பேடண்டுக்கு மூன்று வருஷம் முன்பு. பிறகு யந்திரம் வந்தது. நாள் முழுதும் தைக்க வேண்டியிருந்த சட்டையை ஒன்றிரண்டு மணி நேரத்தில் தைக்க முடிந்தது. அப்படியும் 1888-ல், தையல் முதலிய தொழில்களில் அற்பக் கூலிக்கு மனிதர்களைப் பிழிவது பற்றி விசாரிக்க பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு கமிட்டி போட வேண்டியிருந்தது. மிச்சமான நேரம் தைத்தவளிடம் தங்கவில்லை.

டில்லி உரையாடலில் இன்னொரு பகுதி உண்டு. தையல் மெஷின் வேண்டுமென்றால் அதைச் செய்ய ஒரு தொழிற்சாலையும் வேண்டுமே என்று ராமச்சந்திரன் விடவில்லை. ஆமாம், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும், லாபத்துக்காக நடக்கக் கூடாது என்று காந்தி ஒப்புக்கொண்டார். முதல் பதில் அன்பைப் பற்றியது. இது, யந்திரத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றியது. முதல் பதிலுக்கு ஆதாரமான கதை நிற்கவில்லை. இரண்டாவதற்குக் கதையே தேவையில்லை. அரசின் கை என்ற தீர்வை நாம் சந்தேகிக்கலாம்; கேள்வியைத் தள்ளிவிட முடியாது. விதிவிலக்கு என்பது ஒரு யந்திரத்துக்கு ஒருமுறை கொடுத்து முடிகிற விஷயமல்ல. அது எங்கே ஓடுகிறது, எத்தனை மணி வரை ஓடுகிறது, நிறுத்துகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.