தாலி கட்டும் நேரமும் கமராவும்



எம்மவர் கலியாண வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி மனதை உறுத்துகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது மணமக்களைச் சுற்றி மூன்று நான்கு கமராக்காரர் நிற்கிறார்கள். அறுகரிசி போட வந்த பெரியவர்களுக்குத் தெரிவது அவர்களுடைய முதுகுதான். போதாக்குறைக்கு, "தம்பி, இன்னொருக்கா தாலியைப் பிடியுங்கோ" என்று மாப்பிள்ளையிடம் சொல்வதும் உண்டு. கட்டிய தாலியைப் படத்துக்காக மறுபடி கட்டுவதுபோல் நடிப்பது சரியா?

படமே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு இரவோடிரவாக நடந்தவர்களில் எத்தனையோ பேர் அல்பத்தை வீட்டோடு இழந்தவர்கள். விசா கிடைக்காத தாய்க்குப் படம்தான் பிள்ளையின் கலியாணம். துணைவரை அழைக்க விண்ணப்பிக்கும்போது, நியூசிலாந்துக் குடிவரவுத் திணைக்களமும் உறவு உண்மையானது என்பதற்குப் படங்களைச் சான்றாகப் பார்க்கிறது. ஆகவே எமக்குப் படம் ஒரு சாட்சி. கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு, பிறகு எழுதிச் செருகிய பற்றுச்சீட்டைக் கண்டால் வரும் கூச்சம் இங்கேயும் வருகிறது.

பெற்றோர் காலத்து ஸ்டூடியோக்காரரின் பெரிய கமராவை நினைத்துப் பாருங்கள். மூன்றுகால் தாங்கியில் துருத்தி வைத்த பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் மங்கிய கண்ணாடியில் மணமக்கள் தலைகீழாகத் தெரிவார்கள். பிலிம் தாள் நான்குக்கு ஐந்து அங்குலம் (இன்றும் கொடாக், இல்ஃபோர்ட் கம்பனிகள் செய்கின்றன). ஒரு கூட்டில் இரண்டே தாள். கூட்டைச் செருகியதும் கண்ணாடி மறைந்துவிடும். அதன்பின் படமெடுப்பவருக்குக் கமராவில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்று, சபையில் உள்ள மற்றவர்களைப்போலத் தன் கண்ணால் ஆட்களையே பார்க்கவேண்டும்.

அந்தக் கமராவால் சடங்கைத் துரத்த இயலாது. எல்லாம் முடிந்தபின் குடும்பத்தை நிறுத்தி ஒன்றிரண்டு படம், அவ்வளவுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் திரட்டிய பழைய தமிழக ஸ்டூடியோப் படங்களிலே பின்னால் வரைந்த திரைச்சீலைகள் தொங்குகின்றன. அதுவும் பொய்தானே என்பீர்கள். படத்துக்காக நிற்கிறோம் என்பதை அங்கே எவரும் மறைக்கவில்லை. திரையில் உள்ள மாளிகையை எவரும் நம்பவுமில்லை. தாலியை இரண்டாந்தரம் பிடிப்பதோ நடந்த கணமாகவே அல்பத்தில் ஏறுகிறது.

பழையதற்கும் ஒரு குறை உண்டு. இரண்டே தாள் என்றால் யாரை முன்னே இருத்துவது, யாரை விடுவது? கைம்பெண் என்பதற்காகவே எத்தனை மாமிமார் ஒதுங்கி நின்றார்கள்! இன்றைய ஆயிரம் படங்களில் அவர்களும் எப்படியோ விழுந்துவிடுகிறார்கள். அதை நன்மையென்றே எழுதவேண்டும்.

செம்மண்ணும் வெங்காயத் தோட்டமுமாக ஊரை நினைப்பூட்டும் இந்தப் புக்கெகோஹியில் கலியாணம் பேசும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறோம். கமராக்காரரிடம் விலை பேசும்போதே, தாலி கட்டும் நேரம் ஒருவர் மட்டும், அதுவும் பக்கவாட்டில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு வெளியே வெளிச்சத்தில் எல்லாரும் நிற்கலாம். அந்த மாமியையும் கூப்பிட்டு முதல் வரிசையில் இருத்துங்கள்.