கோடு நகர்ந்தால் கடன் கரையுமா?

மேச்சேரியிலிருந்து மேட்டூர், கொளத்தூர் வழியே போனால் பாலாறு. அதற்கப்பால் மாதேசுவரன் மலை. நம் பக்கத்து மக்கள் நேர்த்திக்கடன் செலுத்த நடக்கும் அந்த மலை, கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. சென்னை மாநிலத்து மண். 1956 நவம்பர் 1ஆம் நாள் அது மைசூர் மாநிலமாயிற்று. மலை நகரவில்லை, ஆறு நகரவில்லை, கோடு நகர்ந்தது!

தென் கன்னட மாவட்டமும் அப்படியே போயிற்று. இரவு சென்னை அரசின் ஊழியராய்ப் படுத்த எழுத்தர், காலையில் மைசூர் அரசின் ஊழியராய் எழுந்தார். அவர் அதுவரை உழைத்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? "நீ என்னிடம் இல்லையே" என்று பழைய அரசு கைவிரிக்கலாம். "நீ எனக்கு உழைக்கவில்லையே" என்று புதிய அரசு முகம் திருப்பலாம். இருவர் பேச்சும் நியாயம்போல் ஒலிக்கும். ஊழியர் வீட்டு உலைதான் கொதிக்காது.

நாம் கேட்கிறோம்: அவர் அளந்த நிலம் எங்கே? எழுதிய கணக்கு எங்கே? மண்ணோடுதானே புதிய அரசுக்குப் போயின! உழைப்பின் பயனைப் பெற்றவன், உழைப்பின் கடனையும் ஏற்பதன்றோ முறை?

மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இதை ஒப்புக்கொண்டது. ஊழியருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றலாகாது என்றது. "மத்திய அரசின் முன் ஒப்புதலின்றி" என்ற வாலையும் ஒட்டியது. கோயிலுக்கு நிலம் விட்ட மன்னன் கல்லில் வெட்டினான், சந்திர சூரியர் உள்ளவரை என்று. எழுத்தருக்குக் கொடுத்த வாக்குக்கோ ஒப்புதல் வரும்வரைதான் ஆயுள்! வந்துவிட்டது அதுவும். 1957 மே 11ஆம் நாள் எழுதிய மடல் ஒன்றில், பயணப்படி, ஒழுங்கு நடவடிக்கை, துறைப் பதவி உயர்வு முதலியவற்றுக்குப் பழைய பாதுகாப்புத் தேவையில்லை என்றது மத்திய அரசு. தென் கன்னட ஊழியர் ஒருவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். அந்த மடலே முன் ஒப்புதல் என்று 1964இல் தீர்ப்பாயிற்று.

ஐந்து ஆட்சிகளிலிருந்து வந்தோரை ஒரே அலுவலகத்தில் அமர்த்திய மைசூருக்கு ஒரே விதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பயணப்படி நாளைய செலவு, மாற்றட்டும். ஓய்வூதியம் அப்படியா? அது நேற்றே செய்து முடித்த வேலையின் கூலி.

ஓய்வூதியம் எசமானின் விருப்பப்படி இடும் கொடையன்று, ஊழியரின் உரிமை என்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் ஓங்கி உரைத்தது 1982 டிசம்பர் 17இல். கோடு நகர்ந்த நாளில் முப்பத்தைந்தைக் கடந்திருந்தவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்கள்.