குறை இல்லை என்னும் பதில்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் பங்குத்தந்தையோடு நாமும் வீடு வீடாகச் செல்வதுண்டு. பழைய ஓட்டு வீடாயினும், வளைகுடாப் பணத்தில் எழுந்த மாடி வீடாயினும், அன்று காலையில் அதன் கோலமே வேறு. முற்றம் பெருக்கப்பட்டிருக்கும். சிறு மேசைமேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரிகள். கட்டிலில் கிடப்பவர் தலைவாரி, வெளுத்த உடை உடுத்திக் காத்திருப்பார். நலம் விசாரித்தால், "ஒரு கொறையும் இல்ல மக்ளே" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். மனநிறைவோடு அடுத்த வீட்டிற்குப் போவோம்.

ஒரு புதன்கிழமை நண்பகலில், வேறு அலுவலாகச் சென்ற வழியில், அவ்வீடுகளுள் ஒன்றில் சொல்லாமல் நுழைந்தோம். பக்கவாதத்தால் வலப்புறம் முழுதும் செயலிழந்த மூதாட்டி அவர். உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. தண்ணீர் இல்லாமல் இல்லை. கழுவிய தம்ளரில், மூடி வைத்தே இருந்தது. ஆனால் அது கட்டிலின் வலப்பக்கத்து ஸ்டூலில் இருந்தது. அந்தப் பக்கத்துக் கை எழாத கை. அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருந்த 'ஹோம் நர்ஸ்' பெண் சுவரோரம் பாய் விரித்து உறங்கிக்கொண்டிருந்தார். மூன்று இரவுகளாக அவர் கண்மூடவில்லை என்பது எழுப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அவ்வீட்டில் கொடியவர் என்று சுட்ட எவரும் இல்லை. தண்ணீர் கொடுத்தபின் மூதாட்டியிடம் கேட்டோம். "ஒரு கொறையும் இல்ல மக்ளே." அதே பதில்.

அப்படியானால் இத்தனை முதல் வெள்ளிகளில் நாம் கேட்டு மகிழ்ந்த பதிலுக்கு என்ன பொருள்?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டமாக நின்றது குமரி மாவட்டம், 91.75 விழுக்காடு. கற்ற பிள்ளைகளைக் கல்வியே கடல் கடத்திற்று. அதே கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். பெற்றோர் இங்கே, மக்கள் மஸ்கட்டிலும் மான்செஸ்டரிலும் என்றானபின், இடையில் ஒரு கூலிக்கை தேவைப்படுகிறது. இதில் பிள்ளைகளைப் பழிக்க நாம் வரவில்லை. கூலிக்குச் செய்யும் பணிவிடை அன்பற்றது என்றும் எண்ணவில்லை. பெற்ற மகளே மனம் கசந்து செய்யும் பணிவிடையையும் நாம் பார்த்திருக்கிறோம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சந்தையில் மீன் வாங்குகிறவர் அதை உண்டு பார்த்து, கெட்டது என்றால் மறுநாள் வேறு கூடைக்குப் போகிறார். இல்லப் பராமரிப்பிலோ பணம் கொடுப்பவர் ஒருவர், பணி செய்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். தரத்தைத் தீர்ப்பிடுகிறவர் கைப்பேசித் திரையில் இரவு எட்டு மணிக்குத் தாயின் முகத்தைப் பார்க்கும் மகன். அந்த நேரத்திற்கு முகம் கழுவிவிடப்பட்டிருக்கும். அதுவும் ஒரு முதல் வெள்ளிதான்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. பணிவிடை செய்கிறவரைச் சோதிப்பது பிறரன்புக்கு ஒவ்வுமா? ஏதோ செய்கிறார்களே, அதற்கு நன்றி சொல்லாமல் குற்றம் காண்பதா? பக்தியுள்ளவர்களிடமிருந்தே இக்கேள்வி வருவதால் இதனை எளிதில் ஒதுக்க இயலாது. ஆனால் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் முதல் சபையில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. ஆவியால் நிறைந்திருந்த சபையில்தான் இந்தக் குறை. அன்போடுதானே பரிமாறுகிறோம், முணுமுணுக்காதீர்கள் என்று திருத்தூதர்கள் அடக்கியிருக்கலாம். அவர்கள் சபையைக் கூட்டினார்கள். நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அவர்கள்மேல் கைகளை வைத்து மன்றாடினார்கள். முதல் மறைசாட்சி ஸ்தேவான் அந்த எழுவருள் ஒருவர். கைம்பெண்களே முறையிட்டதாக நூல் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்காக வேறு சிலர் வாய் திறந்தார்கள். பந்தியில் விடுபட்டவர் தாமே எழுந்து கேட்பது அன்றும் அரிது.

உலகம் இதனை எவ்வாறு அளக்கிறது? பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டோனபெடியன் 1966இல் ஒரு வழி காட்டினார்: அமைப்பு, செயல்முறை, விளைவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஆள் உண்டா, கருவி உண்டா. செய்ய வேண்டியது செய்யப்பட்டதா. அதனால் நோயாளி என்ன ஆனார். இன்றும் இதுவே அடிப்படை. நம் மாவட்டத்துச் செவிலியர் பலர் பணிபுரியும் இங்கிலாந்தில், 2009இல் செயல்படத் தொடங்கிய ஓர் ஆணையம் வீடுதேடிச் செல்லும் பராமரிப்பு நிறுவனங்களையும் ஆய்ந்து, பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்குச் செவிசாய்த்தல், நிர்வாகம் எனக் கேள்வி எழுப்பித் தரம் அறிவிக்கிறது. டோனபெடியனோ தம் இறுதி நாள்களில், தாமே புற்றுநோயாளியாகி, தாம் வாழ்நாளெல்லாம் அளந்த அமைப்பின் ஓட்டைகளைப் படுக்கையிலிருந்து கண்டார். 2000இல் மறைவதற்குச் சற்று முன் அளித்த நேர்காணலில், தரத்தின் இரகசியம் முடிவில் அன்பே என்று கூறினார். அளவுகோலைச் செய்து கொடுத்தவரே அப்படிச் சொன்னார் என்பது நமக்கு முக்கியம். அளப்பதை அவர் கைவிடச் சொல்லவில்லை.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உள்ளது. கைவிடப்பட்டவர் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பராமரிப்புத் தொகை பெறலாம். அது பணம் வாங்கித் தரும் சட்டம். தம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. இல்லப் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் விதிக்க 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா, 2024இல் அந்த அவையோடு காலாவதியாயிற்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டபின், காப்பகங்கள்மேல் நாட்டின் கண் விழுந்தது. வீட்டின் உள்ளறைமேல் அக்கண் விழவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டு வாசலுக்கே வருவது பெரிய ஆறுதல். ஆயினும் எந்தத் திட்டத்திலும் எளிதில் எண்ணத்தக்கது எத்தனை வீடு என்பதே.

ஆகவே பார்க்கும் கண் நம்முடையதாக இருந்தாக வேண்டும். மருத்துவம் படிக்காதவரும் பார்க்கத்தக்கவை பல உண்டு. குதிகாலும் முதுகின் அடிப்பகுதியும் சிவந்திருக்கின்றனவா? படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்தார்களா என்பதைத் தோலே சொல்லிவிடும். குடிக்கும் தண்ணீர் குறைக்கப்படுகிறதா? துணி மாற்றும் வேலை குறையும் என்பதற்காகத் தாகத்தை நீட்டுவது நல்ல வீடுகளிலும் நடக்கிறது. கட்டில் சுவரைப் பார்த்திருக்கிறதா, சன்னலைப் பார்த்திருக்கிறதா? அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி, அவர் அங்கு இல்லாததுபோலப் பேசுகிறார்களா? "இப்ப ஒண்ணும் புரியாது" என்ற சொல்லைக் கேட்டு அந்தக் கண்கள் கலங்கியதை நாம் பார்த்திருக்கிறோம்.

கேட்கும் முறையும் உண்டு. குறை உண்டா என்று கேட்டால் இல்லை என்றே வரும். அப்பதிலில் அச்சம் உண்டு. மகனுக்குப் பாரமாகக் கூடாது என்ற பாசம் உண்டு. சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று நாம் கற்பித்த மறைக்கல்வியும் உண்டு. நேற்று இரவு தாகம் எடுத்தபோது யாரை அழைத்தீர்கள், எத்தனை நேரம் கழித்து வந்தார்கள் என்று, தனியே, அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். எரிகோ வழியில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம், அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருந்தும், என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் கேட்டார். முதுமையில் வேறொருவர் உடுத்திவிட, விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோகப்படும் நிலையைப் பேதுருவுக்கு முன்னறிவித்தவரும் அவரே. திருத்தூதர் தலைவருக்கும் அந்நிலை இழிவன்று. அவருடைய விருப்பத்தைக் கேளாமல் கொண்டுபோகும் கைகளைப் பற்றியே நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது.

பணி செய்யும் பெண்ணையும் அதே கண் பார்க்க வேண்டும். அவர் எப்போது உறங்குகிறார், எங்கே உண்கிறார், வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு உண்டா, ஞாயிறு திருப்பலிக்குப் போக முடிகிறதா, வீட்டார் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா? மூன்று இரவு உறங்காதவரிடம் பரிவைத் தேடுவது வற்றிய கிணற்றில் வாளி விடுவது. நல்ல சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததை நாம் மறையுரைகளில் மிகவும் கேட்டிருக்கிறோம். மேலும் செலவானால் தருவதாகவும், தாம் திரும்பி வருவதாகவும் அவர் சொன்னதை அவ்வளவாகக் கேட்டதில்லை. பாரம் சுமப்பவரின் செலவையும் அவர் கணக்கில் வைத்தார். வருவேன் என்று சொல்லிவிட்டும் போனார்.

நம் பங்குகளில் அன்பியங்கள் உண்டு. மரியாயின் சேனை உண்டு. 1833இல் பாரிசில் தோன்றிய நாள்முதல் இல்லச் சந்திப்பையே உயிராகக் கொண்ட வின்சென்ட் தே பவுல் சபையும் உண்டு. இருவர் இருவராக, நாள் குறிக்காமல், இவர்கள் செல்லலாகாதா? இதில் இடர் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பார்த்ததைத் தெருவில் கொட்டும் நாவு எந்த ஊரிலும் உண்டு. ஒரு வீட்டின் மானம் குலைந்தால் அதன் கதவு அதற்குப்பின் திறவாது. எனவே கண்டதை அந்த வீட்டிலேயே, உரியவரிடம் மட்டும் பேசும் அடக்கம் உடையவர்களே செல்ல வேண்டும். எருசலேமிலும் நற்சான்று பெற்றவர்களைத்தான் தேடினார்கள்.

அந்த மூதாட்டியின் வீட்டில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஸ்டூல் இடப்பக்கம் மாறியது. அன்பியத்துப் பெண்கள் இருவர் முறை வைத்துப் பிற்பகலில் இரண்டு மணி நேரம் வந்து அமர்கிறார்கள். அப்போது அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார். மூன்று மாதம் கழித்து ஒரு முதல் வெள்ளியில், நற்கருணை வாங்கியபின், மூதாட்டி இடக்கையால் நம்மை அருகே அழைத்தார்.

"கஞ்சியில உப்பே போடமாட்டேங்கா மக்ளே. பயறும் சரியா வேகல."

பக்கத்தில் நின்ற பெண், டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று உரக்க வாதாடினார். பயற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.